நைட் ஷிப்ட் ஆளை எழுப்பாதீர்கள்

சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குச் சேவை செய்யப் போகிற மாணவிகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேட்ரன் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். வார்த்தை இருக்கிறது. நல்ல வார்த்தைதானா என்பது எனக்கே நிச்சயமில்லை. முழங்கால் வலி, கண் மங்கல், போதாக்குறைக்குத் தூக்கமும் சரியாக இல்லை. சலித்துக்கொண்டுதான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதற்காகப் பெயர் கொடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பாதிப்பேர் வார்டில் மலச்சட்டி கழுவுவதைவிட லைன் பக்கம் காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று கொடுத்திருப்பீர்கள். தப்பே இல்லை, நானும் அப்படித்தான் கையைத் தூக்கினேன். மீதிப்பேர் ஏழை எளியவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் உருகிக் கொடுத்திருப்பீர்கள். உங்களை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

கட்டுப் போடுவதும் மருந்து அளப்பதும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. ஒரே ஒரு பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிளேக் வந்த வருஷம் அது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் பரவிய நோய் ரயில் ஏறி, பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, நம் தங்கவயலுக்கும் வந்து சேர்ந்தது. அப்போது லைன் என்றால் இன்றைக்கு இருப்பது மாதிரி ஓட்டு வீடுகள் இல்லை. மூங்கில் தட்டியில் சுவர், மேலே கீற்று, வரிசையாக ஒட்டி ஒட்டிக் குடிசைகள். ஒரு குடிசையில் பிளேக் என்று தெரிந்தால் அந்த வரிசை முழுவதையும் ஊருக்கு வெளியே முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டுத் தட்டிகளைக் கொளுத்திவிடுவார்கள். செத்தவரின் உடம்பையும் தரமாட்டார்கள். சுண்ணாம்பைக் கொட்டி அவர்களே புதைப்பார்கள். ஜனங்கள் நோய்க்குப் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

வரிசை வரிசையாகப் போய், யாராவது காய்ச்சலில் படுத்திருக்கிறார்களா என்று பார்த்து வரவேண்டும், யார் போகிறீர்கள் என்று எங்கள் டாக்டரம்மா கேட்டார். வெள்ளைக்கார அம்மாள். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் அதிகம் பேசமாட்டார். நானும் ரெபேக்காளும் கையைத் தூக்கினோம். ரெபேக்காள் பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டுப் பகுதிப் பெண். நல்ல உயரம், நல்ல மனசு, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். நான் லைனிலேயே வளர்ந்தவள். குழி தோண்ட ஆரம்பித்த காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர் என் அப்பா. சுரங்கத் தூசியை நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டு, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

லைனில் வளர்ந்தவளுக்கு நடக்கப் பழகும் முன்பே ஒன்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்த ஆளை எழுப்பக்கூடாது. தூக்கம் கெட்டவன் ராத்திரி சுரங்கத்துக்குள் கீழே இறங்கினால் மேலே வருவது நிச்சயமில்லை. வந்ததும் அவனுடைய ஈரச் சட்டையை வாசல் தட்டியில் போடுவார்கள். அந்தச் சட்டையைப் பார்த்தால் மோர்க்காரி கூவமாட்டாள், பிள்ளைகள் வேறு தெருவுக்கு விளையாடப் போய்விடும், சண்டைக்காரர்கள்கூட அடுத்த வரிசைக்குப் போய்த்தான் சண்டை போடுவார்கள். சுரங்கத்தில் மத்தியானச் சங்கு ஊதினதும் சட்டையை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வரிசைக்கே வாய் திறந்துவிடும்.

சாவுக்கும் இதே கட்டுதான். நான் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு நாள் காலையில் இறந்துபோனார். அவர் வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மத்தியானம் வரை சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதியதும் ஒரே குரலாக எடுத்தார்களே ஒப்பாரி, நான் பயந்துபோய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

ரெபேக்காளுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் நாளே ஈரச் சட்டை போட்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "எழுந்திருங்க அண்ணே, நாக்கை நீட்டுங்க" என்றாள். அந்த ஆள் எழுந்து நாக்கை நீட்டவில்லை, செருப்பைத் தேடினார். அவரை மறுநாள் முனிசிபல் ஆட்கள் எழுப்பினார்கள், அதற்கு மறுநாள் வேறொரு கும்பல் எழுப்பியது. அந்த வாரமே கீழே ஏணியில் கை நழுவி விழுந்து அவருக்கு இடுப்பு போயிற்று. தூக்கம் கெட்டதால்தான் விழுந்தார் என்று லைன் முழுக்கப் பேச்சு. உண்மையா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ரெபேக்காள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு, சட்டை தொங்குகிற வீட்டில் யாரையும் எழுப்பவேண்டாம், வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று மேலேயிருந்தே உத்தரவு வந்தது.

அந்த உத்தரவு வந்ததும், பிளேக்கைக் கண்காணிக்கப் போட்டிருந்த சேவகர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு சேவகன் ஊதலோடு உட்கார்ந்திருப்பான். நோயாளியை ஒளித்து வைக்கலாம், சாவை ஒளிக்க முடியாதல்லவா? அழுகைச் சத்தம் கேட்டதும் ஊதலை ஊதுவான். சுண்ணாம்பு வண்டியும் தீப்பந்தமும் வந்துவிடும். என்ன நோயில் செத்தார் என்று கேட்கிற பொறுமை அப்போது யாருக்கும் இருக்கவில்லை. அந்தச் சேவகனையும் குறை சொல்லமாட்டேன். ஒரு சாவைத் தவறவிட்டால் அவன் வேலை போய்விடும்.

எங்களுக்கு விட்ட வரிசை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்தது. அதில் நடுவில் ஒரு வீடு, ஏழுமலை என்பவருடையது. சம்மட்டி ஆள். பாறையில் துளை போட ஒருவர் கம்பி பிடிக்க, இவர் சம்மட்டி அடிப்பார். மனைவி பெயர் முனியம்மா. பிள்ளைகள் இல்லை. நாங்கள் போகும்போதெல்லாம் முனியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ இருப்பார். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "தூங்கிக்கினு கீறாரும்மா, எழுப்பாதீங்க" என்பார். உள்ளேயிருந்து ஏழுமலை தூக்கத்திலேயே இருமுவது தட்டி வழியாகக் கேட்கும். என் அப்பா இருமியதும் அப்படித்தான். ஆரம்பித்தால் நிற்காது, நின்றால் மூச்சு விசிலடிக்கும். அதைக் கேட்டுவிட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

நான் சொல்ல வந்த அந்தப் பகலிலும் போனோம். சட்டை தொங்கியது. முனியம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிக்கினு கீறாரும்மா. எழுப்பாதீங்க."

ரெபேக்காள் தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லையே, இன்னிக்கு இருமலே இல்ல, நிம்மதியாத் தூங்குறார்" என்று என் காதில் சொன்னாள். இரண்டு வீடு தாண்டிப் போய்விட்டோம். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. தூசி சேர்ந்த நெஞ்சு அப்படித் தூங்காது. என் அப்பா கடைசிச் சில மாதங்களில் ஒரு நிமிஷம்கூட அப்படித் தூங்கியதில்லை.

ரெபேக்காளை வெளியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனேன். முனியம்மா தடுக்கவில்லை. முறத்தில் அரிசியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் முறம். உள்ளே போய்ப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைத் தொட்டேன். சில்லிட்டுப் போயிருந்தது.

"எப்பக்கா?" என்றேன்.

"தெரியலம்மா. கஞ்சி எடுத்தாந்தேன். அப்பவே இப்படித்தான் கீறாரு."

"ஏங்க்கா சொல்லலே?"

அவர் என்னை ஏதோ தெரியாத ஊர்ப் பெண்ணைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"இன்னும் சங்கு ஊதலியே."

அதுவரை பிளேக்குக்குப் பயந்து மறைக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அவருக்கு பிளேக் நினைவே இல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளில் நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்கினார்கள், ராத்திரி அவர்கள் கீழே இறங்கவேண்டும், அதனால் புருஷன் பக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். பல நாளாக பிளேக் பிளேக் என்றே பார்த்துப் பார்த்து அது என் புத்தியிலிருந்து கழன்று போயிருந்தது.

இனி என்ன செய்வது? போர்வையை விலக்கிப் பார்த்தேன். கழுத்தில் கட்டி இல்லை, அக்குளில் இல்லை, தொடையிடுக்கில் இல்லை. மாதக்கணக்காக இருமல் என்பதும் தெரியும். தலைமாட்டுத் துணியில் ரத்தம் இருந்தது. தூசி நோயிலும் ரத்தம் வரும், பிளேக்கில் ஒரு வகையிலும் வரும். எனக்குத் தூசி நோய் என்றுதான் பட்டது. ஆனால் படித்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்குப் பட்டதை யார் கேட்பார்கள்? டாக்டரம்மா வந்து பார்த்து, பிளேக் இல்லை என்று சொன்னால் மட்டுமே அந்த வரிசை தப்பும். அவரோ அன்றைக்கு பேத்தமங்களா பக்கம் வைத்தியத்துக்குப் போயிருந்தார். மாட்டு வண்டியில் திரும்பி வர வெயில் சாய்ந்துவிடும். மத்தியானச் சங்கோ இப்போதோ அப்போதோ ஊதிவிடும். ஊதினால் முனியம்மா அழுவார். அழுதால் சேவகன் ஊதுவான். அதற்கப்புறம் டாக்டரம்மா வந்து பார்ப்பதற்கு உடம்பும் இருக்காது, வரிசையும் இருக்காது.

என் கணிப்பு தவறாக இருந்தால்? அதையும் நினைத்தேன். அப்படியானால் ஒரு பிளேக் சாவை அரை நாள் அந்த ஜனங்களுக்கு நடுவில் வைத்திருந்த பாவம் என்னைச் சேரும்.  இதையெல்லாம் நின்று யோசிக்க எனக்கு ஒரு நாழிகைகூட இல்லை. ரெபேக்காளிடம் விஷயத்தைச் சொல்லி, பேத்தமங்களா ரோட்டில் போய் நின்று வண்டியை மறித்து அப்படியே அழைத்து வரச் சொன்னேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பிறகு முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, சங்கு ஊதினாலும் நீங்க அழக்கூடாது."

அவருக்குப் புரியவில்லை. சேவகன், ஊதல், சுண்ணாம்பு வண்டி, தட்டிகளைக் கொளுத்துவது எல்லாவற்றையும் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ நேரம்?"

"டாக்டரம்மா வர்ற வரைக்கும்."

வாசல் வழியாக வரிசையை ஒருமுறை பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட சங்குதான். அன்றைக்கு அது நிற்கவே நிற்காது போலிருந்தது. முனியம்மாவின் உடம்பு முழுவதும் உதறியது. நான் அவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வரிசை விழித்துக்கொண்டது. இருமல், கொட்டாவி, குடம் உருட்டும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். ஒவ்வொரு வாசலிலும் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் சட்டை அப்படியே தொங்கியது.

ஏழுமலைக்குக் கம்பி பிடிக்கிற சின்னப்பன் தோளில் துண்டோடு வந்தார். இருவரும் தினமும் சேர்ந்து கிணற்றுக்குக் குளிக்கப் போவார்களாம். "இன்னாண்ணி, இன்னுமா எழுந்துக்கல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் முனியம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார், நின்றுவிட்டார். கை தானாகவே சட்டையை எடுக்கப் போயிற்று. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வரிசை முனையில் உட்கார்ந்திருந்த சேவகனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கையை இறக்கிக்கொண்டு, வாசலுக்கு எதிரே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குளிக்கப் போகவில்லை.

ஒரே வாசலில் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தால் சேவகனுக்குச் சந்தேகம் வராதா? வந்தான்.

"இன்னாம்மா நர்சம்மா, இங்கியே குந்திகினு கீறே? உள்ள யாரு?"

இந்த அம்மாவுக்குத் தலைசுற்றல், அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நான் வாய்க்கு வந்ததை உளறினேன். அவன் என்னைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தான். எல்லார் வீட்டுச் சட்டையும் போன பிறகு இது மட்டும் காய்ந்து விறைத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. 

முனியம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தார்.

"டபுள் ஷிப்ட்டு பாத்துட்டு வந்தாருப்பா. இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பாதீங்க."

குரல் நடுங்கவே இல்லை. சேவகன் தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ முனகியபடி தன் இடத்துக்கே திரும்பிப் போனான். அவனும் லைன்காரன்தானே. முனியம்மா முந்தானையைத் திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. நேரே உள்ளே போய் நெடுநேரம் பார்த்தார். நான் எங்கெங்கே பார்த்தேன் என்று கேட்டார், சொன்னேன். வெளியே வந்து சேவகனிடம் தானே போய், இது நெஞ்சு நோய், பிளேக் இல்லை, நான் பொறுப்பு என்று சொன்னார். அவன் எழுந்து சலாம் போட்டான். சின்னப்பன் போய்ச் சட்டையை எடுத்து மடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.

நான் முனியம்மாவிடம் குனிந்து சொன்னேன்.

"அக்கா, இனிமே அழலாம்."

அவர் எழுந்து உள்ளே போனார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அப்படியே கொஞ்ச நேரம் திறந்த வாயோடு இருந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வரலியேம்மா" என்றார்.

வரிசைப் பெண்கள் வந்து குவிந்தார்கள், மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நடுவில் முனியம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் குடிசையும் சேர்ந்துதான் அன்றைக்குத் தப்பியது. அடக்கம் முடியும் வரை முனியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வண்டியில் திரும்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், நான் செய்தது சரிதானா என்று. "சரிதான்" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார், நாள் முழுக்க அலைந்த களைப்பு. இத்தனை வருஷம் கழித்து நீங்கள் கேட்டாலும் என்னிடம் அந்தப் பதில்தான் இருக்கிறது. நாளைக்கே அப்படி ஒரு பகல் வந்தால் திரும்பவும் அதையேதான் செய்வேன். செய்துவிட்டுத் திரும்பவும் தூக்கம் வராமல் கிடப்பேன்.

ஆகையால் பிள்ளைகளே, லைனுக்குப் போகும்போது நீங்கள் ஏதோ கொடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்கவும் போகிறீர்கள். குழந்தையைக் கொடு, கையைக் கொடு, பாயைக் கொளுத்து, வாயை மூடு என்று தினமும் ஏதாவது கேட்பீர்கள். அவர்களும் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போகிறது. கேட்கவேண்டியிருந்தால் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். முடிகிற வரை கூடவே உட்கார்ந்திருங்கள். அதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் முனியம்மா பிறந்த ஊருக்கே போய்விட்டார். ரயில் ஏற்றிவிட நானும் ரெபேக்காளும் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனோம். கையில் ஒரு மூட்டை, அதன்மேல் மடித்த அந்தச் சட்டை. ஜன்னலோரம் உட்கார வைத்தோம். எங்கள் இருவரிடமும் நல்லபடியாகப் பேசினார். கல்யாணம் கட்டிக்கொள்ளுங்கள், லைன் ஆளாகப் பார்க்காதீர்கள் என்றுகூடக் கேலி செய்தார். நான் பரவாயில்லை, தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

வண்டி கிளம்ப எஞ்சின் ஊதியது. முனியம்மா சட்டென்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்.